நிலாவுக்கு ஒரு மிடில் நேம் வேண்டும்

எடிசன்_செந்தில் (நியூஜெர்சி)

வணக்கம். எங்களுக்கு அடுத்த மாதம் பெண் குழந்தை. பெயர் நிலா என்று முடிவாகிவிட்டது, அதில் எனக்கும் கவிதாவுக்கும் சண்டை இல்லை. சண்டை அடுத்த பெட்டியில்தான். இங்கே பிறப்புப் பதிவுக்கான படிவத்தை ஆஸ்பத்திரியிலேயே கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஃபர்ஸ்ட், மிடில், லாஸ்ட் என்று மூன்று பெட்டி. லாஸ்ட் நேம் வேலுச்சாமி. அது என் அப்பா பெயர், என் பாஸ்போர்ட்டில் சர்நேமாக இருக்கிறது. நடுவில் என் பெயரைப் போட்டால் நிலா செந்தில் வேலுச்சாமி. "பெத்தது நான், பின்னாடி வரிசையா நிக்கறது ரெண்டு ஆம்பளைங்களா?" என்கிறாள் கவிதா. நியாயமான கேள்விதான்.

என் அம்மா பெயர் மயிலாத்தாள். கவிதாவின் அம்மா பெயர் மங்கையர்க்கரசி. இரண்டு பேருக்கும் இதுதான் முதல் பேத்தி. மேலே சொல்ல வேண்டியதில்லை.

நடுப்பெட்டியைக் காலியாக விடலாம் என்றால் கவிதா ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், சர்நேம் இடம் காலி. அமெரிக்க விசாவில் 'கவிதா' சர்நேம் ஆகி, முன்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன், அதாவது முன்பெயர் தெரியாது) என்று அச்சாகி வந்தது. லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றிலும் அதே. கிளினிக்கில் "ஃபனூ!" என்று கூப்பிட்டால் எழுந்து போகிறாள். தன் பிள்ளைக்கு ஒரு பெட்டியும் காலியாக இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறாள்.

நிலாவோடு சேர்த்துச் சொன்னால் காதுக்கு ஒட்ட வேண்டும். இங்கே இருப்பவர்கள் வாயிலும் ஓரளவு நுழைய வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

சும்மா_குமார்

தமிழனுக்கு எதுக்குங்க மிடில் நேம்? நமக்கு ஒரு பெயர், முன்னால் ஒரு இனிஷியல். முடிந்தது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டு இனிஷியலையும் தமிழிலேயே எழுதச் சொன்னது. அங்கே இனிஷியலைத் தமிழாக்கிக்கொண்டு இருக்கிறார்கள், நீங்கள் இல்லாத பெட்டிக்குப் பெயர் தேடுகிறீர்கள். காலியாக விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

ஆஸ்டின்_அகிலா

குமார் சொல்வதில் பாதி சரி. காலியாக விடுவது சட்டப்படி தப்பே இல்லை. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டும்தான் சட்டப் பெயராக எடுத்துக்கொள்கிறது, நடுப்பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான். கவிதாவுக்கு வந்த தொல்லை சர்நேம் இல்லாததால் வந்தது. அதை இதோடு குழப்ப வேண்டாம்.

ஆனால் செந்தில், ஒன்றைக் கவனியுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் மூன்று பெட்டி இருக்கும், கைக்கு வரும் பாஸ்போர்ட்டில் இரண்டே வரிதான். ஒன்று சர்நேம், இன்னொன்று கிவன் நேம்ஸ். முதல் பெயரும் நடுப்பெயரும் அந்த ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். அப்புறம் விமான டிக்கெட். பல நிறுவனங்களின் போர்டிங் பாஸில் இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே வராது, ஒட்டிக்கொண்டு அச்சாகும். என் பெரியவன் பெயரும் நடுப்பெயரும் ஒட்டி, ஆந்திராப் பக்கத்து மிராசுதார் ஒருவரின் பெயர் போலத்தான் ஒவ்வொரு தடவையும் வருகிறது. கவுன்டரில் இருப்பவர் அவனையும் பார்ப்பார், பேப்பரையும் பார்ப்பார்.

அதனால் எந்தப் பெயரை யோசித்தாலும் முதலில் ஒட்டி எழுதிப் பாருங்கள், ஒட்டிச் சொல்லிப் பாருங்கள். தனித்தனியாக அழகாக இருக்கும் இரண்டு பெயர்கள் ஒட்டும்போது கூத்தாகிவிடும்.

திண்டுக்கல்_சிஸ்டர்

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சிரிக்காமல் சொல்லப் பார்க்கிறேன். நிலா செந்தில் வேலுச்சாமி என்றால் முதலெழுத்துகள் என்.எஸ்.வி. எங்கள் ஊரில் என்.எஸ்.வி. முகாம் என்றால் ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். தழும்பில்லாத, தையல் இல்லாத நவீன முறை என்று மைக் வைத்து ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போவோம். பிள்ளை பெரியவளாகி லீவுக்கு ஊருக்கு வரும்போது பையில் அந்த மூன்று எழுத்தை எம்பிராய்டரி செய்துகொண்டு வராமல் இருந்தால் சரி.

எடிசன்_செந்தில்

சிஸ்டர், கவிதாவிடம் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். என் பெயர் அதோடு போட்டியிலிருந்து விலகுகிறது.

வல்வை_அக்கா (லண்டன்)

தம்பி, இங்கே இங்கிலாந்தில் மிடில் நேம் என்று ஒரு பெட்டியே இல்லை. முன்பெயர்கள், குடும்பப்பெயர், அவ்வளவுதான். 42 நாளுக்குள் பதிவாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும். முன்பெயர் எத்தனை வேண்டுமென்றாலும் சொல்லலாம், எழுதுவார்கள்.

எங்கட ஆக்களுக்கு வேறு கரைச்சல். யாழ்ப்பாணத்து வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னுக்கு, பிள்ளையின் பெயர் பின்னுக்கு. இங்கே வந்ததும் கடைசியில் நிற்பதுதான் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் எங்கட வீட்டில் எனக்கொரு குடும்பப்பெயர், அவருக்கொன்று, பிள்ளைகளுக்கு அவருடைய சொந்தப் பெயர் குடும்பப்பெயராக. நாலு பேரும் ஒன்றாகப் பயணம் போனால் பிறப்புச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டுதான் போறது. நீங்கள் வேலுச்சாமியை உங்களுக்கும் பிள்ளைக்கும் ஒன்றாக வைத்தது நல்ல வேலை, அதை மாற்ற வேண்டாம்.

நடுவில் பெண்வழிப் பெயர் ஒன்று வரட்டும் என்பது என் எண்ணம். என்ர மகளுக்கு அம்மம்மாவின் பெயரைத்தான் இரண்டாவதாக வைத்தோம். பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. சான்றிதழில் இருக்கிறது, அது காணும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

அகிலா அம்மையார் ஒட்டிச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். அதைத்தான் நாங்கள் வகுப்பில் புணர்ச்சி என்று நடத்தினோம், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இப்போது ஒரு பிள்ளையின் பெயருக்கே பயன்படுகிறது.

நிலா என்ற பெயர் நெடிலில் முடிகிறது. அடுத்த பெயர் உயிரெழுத்தில் தொடங்கினால் நடுவே வகரம் ஒன்று தானே வந்து நுழையும். நிலா அரசி என்று நீங்கள் பிரித்து எழுதினாலும் நாக்கு நிலாவரசி என்றுதான் சொல்லும். நிலா இசை, நிலாவிசை ஆகிவிடும். அங்கே விசை என்ற சொல் முளைத்துவிடுகிறது, பிள்ளை ஏதோ இயந்திரம் போலத் தோன்றும். அடுத்தது ஆதிரை. நிலா ஆதிரை அழகான சேர்க்கைதான். ஆனால் இரண்டு ஆகாரம் மோதும் இடத்தில் ஒன்று நின்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நிலாதிரை என்று விழுங்கிவிடுவார்கள்.

வல்லினத்தில் தொடங்கினால் ஒற்று மிகும். நிலாச்சோறு என்கிறோம் அல்லவா, அந்தக் கணக்குதான். நிலா செல்வி, நிலாச்செல்வி. நிலா பாரதி, நிலாப்பாரதி. குறை ஒன்றுமில்லை, கொஞ்சம் அழுத்தம் கூடுகிறது.

மெல்லினமோ இடையினமோ வந்தால் எதுவும் நுழையாது, எதுவும் தடிக்காது. ம, ந, ய, வ இவற்றில் தொடங்கும் பெயராகப் பாருங்கள். உங்கள் இரண்டு அம்மாமார் பெயருமே மகரத்தில் தொடங்குகிறது. தேடிப் போக வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது.

அளவையும் பாருங்கள். நிலா ஒரே அசை, நிரையசை. வேலுச்சாமி நான்கு அசை. நடுவில் இன்னொரு நீளப்பெயர் வந்தால் தலை சிறுத்து உடம்பு பெருத்துவிடும். ஈரசைப் பெயர் போதும்.

கிள்ளான்_மோகன்

மலேசியாவிலிருந்து ஒரு குரல். எங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி. அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான், இன்னார் மகன், இன்னார் மகள். அடையாளக் கார்டிலேயே அப்படித்தான். ஆனால் வெளிநாட்டு இணையதளங்கள் சாய்கோட்டை ஏற்றுக்கொள்ளாது, அதை எடுத்துவிட்டுப் போட வேண்டும். அப்போது 'ஏபி' என்பது என் தங்கையின் மிடில் நேம் என்று நினைத்துக்கொண்டு "ஹலோ ஏபி" என்று மின்னஞ்சல் வரும். அவளும் பதில் போடுகிறாள்.

துபாய்_ரஃபீக்

காலியாக விடச் சொல்லும் குமார் அண்ணனுக்கு: சர்நேமைப் பற்றித்தான் இது, இருந்தாலும் சொல்கிறேன். 2022 நவம்பரில் இங்கே அமீரகத்தில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப்பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விட மாட்டோம் என்று அறிவித்தார்கள். இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அந்த இடைவெளியில் ஊரிலிருந்து கிளம்ப இருந்த எங்கள் மாமா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டம்மா சொல்வதைக் கேளுங்கள்.

சும்மா_குமார்

நான் சர்நேமைக் காலியாக விடச் சொல்லவில்லையே! என் வருத்தம் வேறு. நம் பெயரை அவர்கள் பெட்டிக்கு வெட்டுகிறோம். விஸ்வநாதன் ஆனந்த். அப்பா பெயர் விஸ்வநாதன், அவர் பெயர் ஆனந்த். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் இருந்ததைப் பிடித்துக்கொண்டு 'விஷி' ஆக்கிவிட்டார்கள். அப்பா பெயரைச் சொல்லிப் பையனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆஸ்டின்_அகிலா

அதற்கு நேரெதிரான ஆளும் உண்டு குமார். இயற்பியலில் 1983-இல் நோபல் வாங்கிய சுப்ரமணியன் சந்திரசேகர். அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். அமெரிக்காவுக்கு அது அப்படியே பொருந்திவிட்டது, 1999-இல் நாசா அனுப்பிய எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு வைத்த 'சந்திரா'வும் அவருடைய சொந்தப் பெயரிலிருந்து வந்ததுதான். 2009-இல் வேதியியலில் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு வரிசை திரும்பிவிடுகிறது, ராமகிருஷ்ணன் என்பது அப்பா பெயர். இரண்டு பேரும் தமிழ்நாட்டு வேர், இரண்டு பேரும் நோபல், வரிசை மட்டும் தலைகீழ். இதில் நம்முடைய முறை என்று ஒன்றை எங்கே பிடிப்பீர்கள்?

நடுப்பெயரை நன்றாகப் பயன்படுத்திய வீடு என்றால் எனக்குக் கமலா ஹாரிஸ் வீடுதான் நினைவு வரும். அக்காவுக்குக் கமலா தேவி, தங்கைக்கு மாயா லட்சுமி. கடைசியில் ஜமைக்கா அப்பாவின் ஹாரிஸ். சென்னைக் குடும்பத்திலிருந்து போன அம்மா சியாமளா கோபாலன், இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஒரு சாமியை உட்கார வைத்துவிட்டார். செந்தில் வீட்டிலும் கடைசிப் பெட்டி அப்பா பக்கம் போய்விட்டது. நடுப்பெட்டியை அம்மா பக்கத்துக்குக் கொடுப்பதுதான் கணக்கு.

பால்டிமோர்_ரவி

இரண்டு பாட்டிகளும் 'எம்'மில்தான் தொடங்குகிறார்கள் என்று வாத்தியார் சொன்னதும் எனக்கு ஒரு கிறுக்கு யோசனை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஹாரி எஸ். ட்ரூமன் பெயரில் அந்த எஸ் எதன் சுருக்கமும் இல்லை. அப்பாவின் அப்பா ஆண்டர்சன் ஷிப் ட்ரூமன், அம்மாவின் அப்பா சாலமன் யங். யாருடைய பெயரை வைப்பது என்று பெற்றோருக்கு முடிவு வரவில்லை. வெறும் எஸ் வைத்துவிட்டார்கள். இரண்டு தாத்தாவும் தன் பெயர்தான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

நிலா எம். வேலுச்சாமி. மயிலாத்தாள் பாட்டிக்கு அது மயில், மங்கையர்க்கரசி பாட்டிக்கு அது மங்கை. குமார் அண்ணனுக்கு அது இனிஷியல். மூன்று பேருக்கும் ஒரே எழுத்தில் காரியம் முடிந்தது.

சும்மா_குமார்

இது பிடித்திருக்கிறது.

தூத்துக்குடி_ரோஸி

எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டி பெயரை வைப்பதாக இருந்தால் பெயரை வையுங்கள், ஒரு எழுத்தைக் கொடுத்து ஏமாற்றாதீர்கள். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் ஞானஸ்நானத்துக்கு ஒரு புனிதர் பெயர், உறுதிபூசுதலுக்கு இன்னொன்று என்று அடுக்குவோம். வீட்டில் கூப்பிடுவது வேறு. என் தம்பிக்குக் கோயில் பதிவேட்டில் இருக்கிற முழுப்பெயர் அவன் கல்யாண ஓலை வாசித்தபோதுதான் பாதிப் பேருக்குத் தெரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அவன் சிநேகிதர்கள் "யார்லே அது?" என்று கேட்டுக்கொண்டார்கள். கூப்பிடாத பெயருக்கும் அர்த்தம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் எங்கள் பெரியம்மா, தன் பெயர் பேத்தியின் பதிவேட்டில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவளுக்கு மட்டும் தனியாக முறுக்கு சுட்டு அனுப்புவார்.

இன்னொரு விஷயம். வெறும் எம் போட்டால் ஆயுசுக்கும் "எம் என்றால் என்ன?" என்று கேட்பார்கள். சில படிவத்தில் முழு நடுப்பெயர் எழுது என்று இருக்கும். அங்கே பிள்ளை என்ன எழுதும்?

ஆஸ்டின்_அகிலா

ரோஸி சொல்வதுதான் நடக்கும். ட்ரூமனுக்கே அந்த எஸ்-க்குப் பின்னால் புள்ளி வைக்கலாமா கூடாதா என்று இன்றைக்கும் பேச்சு ஓடுகிறது.

சரி, யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். இங்கே அம்மாக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோபம் தலைக்கு ஏறினால் பிள்ளையை ஃபர்ஸ்ட், மிடில், லாஸ்ட் மூன்றும் சேர்த்து முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நம் பெண்களுக்கும் சீக்கிரமே தொற்றிக்கொள்ளும், எனக்குத் தொற்றியது. நம் ஊரில் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று எத்தனை வீடுகளில் பாட்டி பெயர் வைத்த பிள்ளையைப் 'பாப்பா' என்றே கூப்பிட்டுக் காலம் தள்ளினார்கள்! இப்போது கற்பனை செய்யுங்கள். ஆறு மாத விசாவில் வந்திருக்கும் மாமியார் சோபாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். நிலா சுவரில் கிரேயானால் கோடு போடுகிறாள். கவிதா அடுப்படியிலிருந்து கத்துகிறாள்: "நிலா மயிலாத்தாள் வேலுச்சாமி! இப்ப இங்க வரப்போறியா இல்லியா?"

மாமனார், மாமியார் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டிய மருமகள் கவிதாவாகத்தான் இருப்பாள்.

எடிசன்_செந்தில்

அகிலா அக்கா, இதைப் படித்துவிட்டு கவிதா "அப்ப இதையே வெச்சிரலாம்" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள் என்று நம்புகிறேன்.

நேற்று ராத்திரி வாத்தியார் ஐயா சொன்ன கணக்குப்படி இரண்டையும் சுருக்கி எழுதிப் பார்த்தோம். நிலா மயில். நிலா மங்கை. இரண்டும் ஈரெழுத்து மூன்றெழுத்துதான், இரண்டும் ஒட்டுகிறது. மயில் எனக்கு ரொம்பப் பிடித்தது. அம்மாவை ஊரில் எல்லாரும் 'மயிலக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் ஆங்கிலத்தில் எம், ஏ, ஒய், ஐ, எல் என்று எழுதி ஆபீஸில் ஒருவரிடம் காட்டினேன். 'மெயில்' என்று படித்தார். இன்னொருவரிடம் காட்டினேன், அவரும் மெயில்.

பால்டிமோர்_ரவி

ஹாட்மெயில் என்று கூப்பிடுவார்கள். பள்ளியில் ஒரு வாரம் தாங்காது.

திண்டுக்கல்_சிஸ்டர்

மங்கையையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள் தம்பி. எம்-ஏ-என்-ஜி-ஏ-ஐ. அமெரிக்காக்காரர் எப்படிப் படிப்பார் என்று எனக்குத் தெரியாது, நம் ஊர்ப் பிள்ளைகள் 'மாங்காய்' என்று படிக்கும். அத்தை, சித்தி பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே?

எடிசன்_செந்தில்

கவிதாவின் அக்கா பையன் போன வாரமே படித்துவிட்டான், சிஸ்டர். மாங்காய்தான். இங்கே ஆபீஸில் 'மேங்-கய்' என்றார்கள்.

அப்புறம் கவிதாவின் மாமா ஒருவர் எண் கணிதம் பார்த்துவிட்டு, நிலாவுக்கு ஆங்கிலத்தில் கடைசியில் இன்னொரு 'ஏ' சேர்க்கச் சொல்கிறார். கூட்டுத்தொகை சரியில்லையாம்.

ஆஸ்டின்_அகிலா

சேர்க்காதீர்கள். ஒரு 'ஏ' அதிகமானால் கூட்டுத்தொகை சரியாகுமோ என்னவோ, ஒவ்வொரு போன் காலிலும் "டபுள் ஏ" என்று எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியது பிள்ளைதான்.

மங்கை பற்றி: நடுப்பெயரை யாராவது வாய்விட்டுப் படிப்பது பட்டமளிப்பு விழாவிலும் தடுப்பூசி கிளினிக்கிலும்தான். மற்ற இடங்களில் ஒரு 'எம்'மாக நிற்கும். மாங்காய்க்குப் பயப்பட வேண்டாம்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

நிலாமங்கை. போர்டிங் பாஸில் ஒட்டி அச்சடித்தாலும் குறை சொல்ல முடியாத தமிழ்ப் பெயர். இடைவெளி விட்டாலும் சரி, விடாவிட்டாலும் சரி. இதைவிட என்ன வேண்டும்?

வல்வை_அக்கா (லண்டன்)

எல்லாம் சரி. தம்பியின்ர அம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லையே?

எடிசன்_செந்தில்

அக்கா கேட்டதற்காகவே இன்றைக்குக் காலையில் ஊருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடாமல் தனியாகத்தான் பேசினேன், எது வந்தாலும் கவிதா காதில் விழ வேண்டாம் என்று. சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன். அம்மா பெயரா, அத்தை பெயரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தச் சொன்னார். அப்புறம், "ஏஞ்சாமி, அவங்க பேருதான் கடைசியில நிக்குதல்லொ? அப்பறம் எனக்கெதுக்குத் தனியா ஒண்ணு? கவிதா அம்மா பேரையே வையி. அந்தம்மாளுக்கும் நம்ம பேத்தின்னு இருக்கட்டும்" என்றார். 'அவங்க' என்றால் அப்பா. என் அம்மா வாயில் வேலுச்சாமி என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால்கூட என்னைத்தான் முன்னால் தள்ளுவார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நட்சத்திரம் பார்த்துவிட்டு எழுத்து ஒத்து வராவிட்டால் தொட்டிலில் போடும்போது காதில் சொல்வதற்கு வேறு பெயர் வைப்பாராம், அதில் நாங்கள் தலையிடக் கூடாதாம். சரி என்றுவிட்டேன்.

தூத்துக்குடி_ரோஸி

இந்த அம்மாவுக்கு முறுக்கு நான் அனுப்புகிறேன்.

எடிசன்_செந்தில்

எல்லோருக்கும் வணக்கம். போன வியாழக்கிழமை நிலா வந்துவிட்டாள். தாயும் சேயும் நலம்.

நட்சத்திரம் அனுஷம். அனுஷத்துக்கு எழுத்து ந, நி, நு, நே. அம்மா ஜோசியரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். காதில் சொல்ல வேறு பெயர் தயாராக வைத்திருந்தாராம், என்ன பெயர் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.

படிவம் நிரப்ப வந்த பெண்மணி "நிலா மங்கை, இரண்டும் ஃபர்ஸ்ட் நேமா?" என்று கேட்டு முதல் பெட்டியிலேயே இரண்டையும் எழுதப் போனார். நல்லவேளை, கவிதா பார்த்துக்கொண்டிருந்தாள். நிலா முதல் பெட்டி, மங்கை நடுப்பெட்டி, வேலுச்சாமி கடைசிப் பெட்டி. எதுவும் காலி இல்லை.

ஆனால் நாம் இத்தனை நாள் பேசிய பெட்டி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். அம்மாவின் விவரம் கேட்கும் பகுதியில், முதல் திருமணத்துக்கு முன்னால் இருந்த லாஸ்ட் நேம் என்ன என்று ஒரு பெட்டி. கவிதாவுக்குத் திருமணத்துக்கு முன்னாலும் லாஸ்ட் நேம் கிடையாது, பின்னாலும் கிடையாது. அந்தப் பெண்மணி "அப்படி இருக்க முடியாதே" என்கிறார். கவிதா தன் பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டுகிறாள். கடைசியில் அவளுடைய அப்பா பெயர் தியாகராஜன் என்று எழுதச் சொல்லிவிட்டோம். இது பின்னால் ஏதாவது சிக்கல் பண்ணுமா? நிலாவுக்கு ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) எடுக்கும்போது?

ஆஸ்டின்_அகிலா

வாழ்த்துகள் செந்தில், கவிதா! நிலாவுக்கு முத்தம்.

ஓ.சி.ஐ.க்குப் பிறப்புச் சான்றிதழையும் பெற்றோர் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அம்மா பெயர் இரண்டிலும் வேறுபட்டால் கேள்வி வரலாம். சான்றிதழ் கைக்கு வந்ததும் கவிதா பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று முதலில் அதைப் பாருங்கள், பிள்ளை பெயரை அப்புறம் ரசிக்கலாம். கவிதா பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது சர்நேம் இடத்தில் தியாகராஜனைச் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். கல்யாணத்துக்கு அப்புறம் அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

எடிசன்_செந்தில்

கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். "கவிதா தியாகராஜன்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தனக்கும் ஒரு மிடில் நேம் வேண்டுமாம்.